சிலிக்குப் பிறகு பிரேசில்

என் எழுத்துமேசையில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் உயரம், மேசையில் கீறல் விழாமல் அடியில் பச்சைத் துணி ஒட்டியிருக்கிறது. மேலே பித்தளைத் தகடு, தகட்டில் ஒரே வரிசையாக மூன்று துளைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பேனா தாங்கி என்று நினைக்கிறார்கள். நானும் மூன்று பேனாக்களைத்தான் அதில் குத்தி வைத்திருக்கிறேன், மூன்றிலும் மை இல்லை. உண்மையில் அது மூன்று நாடுகளின் கொடிகளைத் தாங்கிய கட்டை. ஒரேயொரு தடவை அந்தக் கொடிகளை என் கையால் நட்டேன். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அந்தக் கட்டையை நான் தொடக்கூடாது என்று எழுத்தில் தடை இருந்தது. இந்த லண்டன் மாநகரில் என்னை மட்டும் குறிவைத்துப் போடப்பட்ட ஒரே தடை அதுதான். வாகனம் நிறுத்தக்கூடாது என்ற பலகைகளை நான் சேர்க்கவில்லை, அவை எல்லோருக்கும் பொதுவானவை.

இந்த வசந்தத்தில் மச்சாள் காலமானார். என் மனைவியின் மூத்த அக்கா. மரண அறிவித்தல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் லண்டன் புறநகரான மோர்டனில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால், குடும்பத்தில் யார் செத்தாலும் எழுதுகிறவன் நான்தான். எழுதிவிட்டேன். கடைசியில் ‘தொடர்புகளுக்கு’ என்று போட்டு, அதன் கீழ் எந்த நாட்டை முதலில் எழுதுவது என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. கனடாவில் மச்சாளின் தம்பி. சுவிஸில் மகன். லண்டனில் நாங்கள். இரண்டு பக்கத்திலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது, மூன்று பக்கமும் குரலைத் தாழ்த்தியே பேசின. எங்கள் குடும்பத்தில் குரல் தாழ்ந்தால் அது சமாதானத்துக்கு அறிகுறி அல்ல. அப்போதுதான் இந்தக் கட்டையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

மச்சாள் சுவிஸில் இருபது வருடத்துக்கு மேல் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தவர். மகனுக்குக் கலியாணம் முடிந்த கையோடு, “இனி என்ரை குசினியிலை என்ரை விருப்பத்துக்குச் சமைக்கப்போறன்” என்று சொல்லி, இரண்டு சூட்கேசோடும் ஒரு பெரிய பானையோடும் மோர்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார். பிறந்தநாள், பூப்புச் சடங்கான சாமத்தியவீடு என்று வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுத்தார். நான் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிறவன், பானைகளை ஏற்றி இறக்குவது என் பங்கு. அவருக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் அடுப்படி அளவுக்குத்தான். அதனால் எங்கள் தொழில் முழுவதும் தமிழில் நடந்தது. வாங்கவேண்டிய சாமான், விருந்தாளிகளின் எண்ணிக்கை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது எல்லாவற்றையும் நான் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவேன். அவர் அதைப் பார்த்துச் சமைப்பார். நேரத்தில் அவர் சுவிஸ்காரி. பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்கு முதல் கரண்டி விழவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மச்சாளின் கணவர் ஊரில் ஒருநாள் கடலில் போனவர், திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் எந்த நாட்டுக் கடற்படையின் வெள்ளைச் சீருடை வந்தாலும் மச்சாள் எழுந்துவிடுவார். “பால் பொங்குது” என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போவார். அடுப்பில் பால் இருக்காது.

அந்தக் கொடிகளை நான் நட்ட மண்டபம் எங்களுக்குக் கிடைத்த கதை என் வாயால் வந்தது. தேம்ஸ் ஆற்றின் கரையில், பழைய கப்பல்களில் பித்துப் பிடித்த முதியவர்கள் சிலர் நடத்தும் ஒரு சங்கம். அதன் செயலாளரை ஒருநாள் குரோய்டனிலிருந்து ஏற்றிக்கொண்டு போனேன். வழி நீளம், என் வாய் அதைவிட நீளம். ஆற்றைக் கடப்பதற்குள் மச்சாளின் சமையலைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இறங்கும்போது என் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஒரு மீன் கட்லட்டையும் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து அழைத்தார். சங்கத்து மண்டபத்தின் சமையலறையை நடத்தியவர்கள் விட்டுப் போய்விட்டார்கள், புதிதாக ஆள் தேடுகிறோம், ஒரு மத்தியான விருந்தைச் சமைத்துக் காட்டுங்கள், சரிவந்தால் சமையலறை உங்களுக்கு என்றார்.

மச்சாள் அன்று முழுவதும் பானைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது மெல்லச் சொன்னார்: “இது சரிவராட்டி நான் திரும்பிச் சுவிசுக்குப் போறன். உங்கடை சின்ன அறையிலை இன்னும் எத்தினை வருசம் இருக்கிறது? அங்கை போய் மருமகளின்ரை குசினியிலை வெங்காயம் உரிச்சுக் குடுத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.” அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மருமகள் நல்ல பிள்ளை, வெங்காயத்தைக்கூட இயந்திரத்தில் போட்டு வெட்டுகிறவள். அதுதான் மச்சாளுக்குப் பயம். அங்கே உரிப்பதற்கும் ஒன்றும் இருக்காது.

விருந்து யாருக்கு என்று கேட்கப் போனபோது செயலாளர் என்னைக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். நூறு வருடத்துக்கு முந்திய போர்க்கப்பல்களின் மாதிரிகள், ஒவ்வொரு பீரங்கியும் தீக்குச்சி அளவு. தென்னமெரிக்காவில் அர்ஜென்டினா, பிரேசில், சிலி என்று மூன்று அயலவர்கள். அர்ஜென்டினாவும் சிலியும் போட்டிபோட்டுக் கப்பல் சேர்த்துக் களைத்து, போதும் என்று கையெழுத்து வைத்து, மலையெல்லையில் கிறிஸ்துவுக்குச் சிலையும் நாட்டிய சில வருடங்களில், பிரேசில் இங்கிலாந்தில் அதுவரை யாரும் காணாத பெரிய போர்க்கப்பல்களைக் கட்டச் சொல்லிவிட்டது. அர்ஜென்டினாவுக்கு நித்திரை போய்விட்டது. அமெரிக்காவில் அதைவிடப் பெரிதாக இரண்டு. சிலி விடுமா? இங்கிலாந்தில் அதையும்விடப் பெரிதாக. சிலியின் கப்பல் முடியுமுன் உலகப் போர் வந்துவிட, இங்கிலாந்து அதைத் தானே எடுத்துக்கொண்டு, போர் முடிந்த பிறகு திருப்பிக் கொடுத்தது. மூன்று நாடுகளும் அந்தக் கப்பல்களால் ஒருவரையொருவர் ஒருமுறையும் சுட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு சிரமமும் இருக்கவில்லை. எங்கள் தெருவில் மூன்று தமிழ் வீடுகள். முதல் வீட்டார் பின்பக்கம் கண்ணாடி அறை கட்டினார்கள். அடுத்தவர் கூரையைத் தூக்கி மேல்மாடி எடுத்தார். முதல் வீட்டார் உடனே தங்கள் கூரையையும் தூக்கி, இரண்டு யன்னல் கூட வைத்தார்கள். மூன்றாவது வீடு என்னுடையது. நான் தோட்டத்தில் மரக் கொட்டில் ஒன்று போட்டேன். முதல் காற்றுக்கே சாய்ந்துவிட்டது. என் கடற்படை அவ்வளவுதான்.

விருந்துக்கு வருகிறவர்கள் அந்த மூன்று நாடுகளின் கடற்படை அதிகாரிகள், ஒவ்வொருவருடனும் இரண்டு பேர். கப்பல் மாதிரிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடும் பலகைக்கு மூன்று நாடும் சம்மதிக்கும் ஒரு வாசகம் வேண்டும். ஒரு பத்திதான், ஆனால் அதற்கு ஒரு வருடமாகக் கடிதம் போய் வந்திருந்தது. ‘போட்டி’ என்று எழுதினால் ஒருவருக்குப் பிடிக்கவில்லை, ‘நட்பு’ என்று எழுதினால் மூவருக்கும் பிடிக்கவில்லை. ஒருவழியாக வாசகம் முடிந்து, சாப்பிட்ட மேசையிலேயே கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. போதாததற்கு அந்த மாதம் தென்முனைக் கடலில் ஒரு எல்லைக்கோட்டைப் பற்றி அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் பேச்சுத் தடித்திருந்தது. “யாராவது ஒருவர் எழுந்து போனால் இன்னொரு வருடம் கடிதம் எழுதவேண்டும்,” என்றார் செயலாளர். “எனக்கு அவ்வளவு வயது மிச்சமில்லை.”

அதற்காகத்தான் அவர் ஒரு விதி வைத்திருந்தார். கொடி, கதிரை, பெயர் அட்டை எல்லாம் எழுத்து வரிசைப்படி. “எழுத்துக்குக் கடற்படை கிடையாது. அதனால் எழுத்தோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.”

எனக்கு அந்த வசனம் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன்.

“அகரவரிசையோ? அப்ப நீர்தான் சரியான ஆள்,” என்றார் மச்சாள். “சனிக்கிழமையிலை பிள்ளையளை அதைச் சொல்லித்தானே வதைக்கிறனீர்.”

அன்று சாயந்தரமே கதவில் ஒட்டினேன். அர்ஜென்டினா - 3. சிலி - 3. பிரேசில் - 3. அ, ச, ப. ஒரு தமிழ் வாத்தியார் பிழை கண்டுபிடிக்க முடியாத வரிசை. மறுநாள் காலையில் மச்சாள் கதவின் முன் நின்று, “தம்பி, மூண்டு சில்லி காணுமே? கூழுக்கு நான் இருபது செத்தல் மிளகாய் போடுறனான்” என்று கேட்டார். அது நாடு, மிளகாய் இல்லை என்று விளக்கினேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம். அந்தப் பேப்பரில் இருந்த பிழை அது ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம்.

கூழ் மச்சாளின் முடிவு. கடலில் போகிறவர்களுக்கு மீன் கொடுக்கவேண்டும் என்றார். ஒடியல் மாவில் நண்டும் இறாலும் மீனும் போட்ட கூழைச் சின்னக் கோப்பைகளில் முதலில் கொடுத்து, பிறகு மற்றச் சாப்பாடு. பனங்கிழங்கு மா என்று சொல்லி வெள்ளைக்காரரை வெருட்டாமல், பட்டியலில் ‘மீன் சூப்’ என்று எழுதினேன். கூழுக்கு ஒரு குணம் உண்டு. சூட்டில் அமிர்தம், ஆறினால் சுவரொட்டி ஒட்டலாம். அதனால் அவர்கள் உட்கார்ந்த நிமிடமே அது மேசைக்கு வரவேண்டும். வெள்ளைச் சீருடையில் வருவார்கள் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். மச்சாள் கொஞ்ச நேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் கதவுக்கு அங்காலை வரமாட்டன். நீர் கொண்டுபோய்க் குடும்” என்றார்.

அன்று மேசை அழகாக இருந்தது. ஒரு பக்கம் செயலாளரும் சங்கத்து முதியவர்களும், எதிரே மூன்று அதிகாரிகள், அவர்களுடன் வந்தவர்கள் இரு அந்தங்களிலும். நடுவில் இந்தக் கட்டை. நான் என் பேப்பரைப் பார்த்து வரிசையாகக் கொடிகளை நட்டேன், அதே வரிசையில் அட்டைகளை வைத்தேன். செயலாளர் வந்து ஒருமுறை பார்ப்பதாக இருந்தது. ஆனால் விருந்தாளிகள் பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டார்கள், அவர் வாசலுக்கு ஓடவேண்டியதாயிற்று. கடற்படைக்காரருக்குச் சுவிஸ்காரரைவிட அவசரம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உள்ளே வந்தார்கள். அர்ஜென்டினா அதிகாரி உயரமானவர், தன் அட்டையைப் பார்த்துத் திருப்தியோடு உட்கார்ந்தார். சிலி அதிகாரி நரைத்த மீசைக்காரர், தன் அட்டையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், ஒரு நொடி தாமதித்து அவரும் உட்கார்ந்தார். இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் இரண்டு முழங்கைக்குத்தான் இடம். பிரேசில் அதிகாரி உட்காரவில்லை. கதிரையின் முதுகில் கை வைத்தபடி, மூன்றாவதாக நின்ற தன் நாட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிற்க, அவருடன் வந்தவர்களும் நின்றார்கள். மண்டபத்தில் கடைசியாகக் கேட்டது யாரோ கரண்டியை நேராக்கிய சத்தம்.

செயலாளர் கொடிகளைப் பார்த்தார். முகம் கோதுமை மா நிறத்துக்குப் போனது. மேசையைச் சுற்றி என்னிடம் வந்து, உதடு அசையாமல், “என்ன செய்து வைத்திருக்கிறாய்?” என்றார்.

“எழுத்து வரிசைதான், ஐயா.”

“யாருடைய எழுத்து?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என் மூளை ஆங்கிலத்துக்கு மாறியது. ஏ, பி, சி. பிரேசில் நடுவில் வந்திருக்கவேண்டும். அவர் எனக்குச் சொல்லாமல் விட்ட பாதியும் அப்போது விளங்கியது. அந்த வரிசையில் பிரேசில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மெத்தைபோல் கிடக்கும். நான் மெத்தையை உருவி ஓரத்தில் போட்டுவிட்டு, ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரை முழங்கை முட்ட உட்கார்த்தியிருந்தேன்.

செயலாளர் குனிந்து, ஏதோ தூசி தட்டுகிறவர்போல, கொடிகளை மாற்றப் போனார். அப்போது சிலி அதிகாரி இரண்டு விரல்களை இந்தக் கட்டையின் மேல் வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். செயலாளரின் கை அந்தரத்தில் நின்றது. இனிக் கொடியை எடுத்தால் சிலிக்கு அவமானம், எடுக்காவிட்டால் பிரேசிலுக்கு அவமானம். அர்ஜென்டினா அதிகாரி கூரை அலங்காரத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“இது யாருடைய தீர்மானம் என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று பிரேசில் அதிகாரி கேட்டார். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் கோபப்பட்டதில்லை.

நான் முன்னுக்குப் போனேன். பிழை என்னுடையது, நான் என் மொழியில் எழுதினேன், எங்கள் எழுத்தில் சிலிக்குப் பிறகுதான் பிரேசில் வரும் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேசையில் மிஞ்சியிருந்த ஒரு வெற்று அட்டையை எடுத்துப் பென்சிலால் எழுதிக் காட்டினேன். அர்ஜென்டினா, சிலி, பிரேசில். வகுப்பில் செய்வதுபோல ஒவ்வொரு முதலெழுத்தின் கீழும் கோடு போட்டேன். மூன்று அதிகாரிகளும் முதல் தடவையாக ஒரே பொருளைப் பார்த்தார்கள்.

“உம்முடைய எழுத்திலும் நாங்கள்தான் முதல்,” என்றார் அர்ஜென்டினா அதிகாரி கூரையிலிருந்து இறங்கி.

“ஓம்... ஆம், ஐயா.”

சிலி அதிகாரி விரல்களை எடுக்காமல் கேட்டார்: “இந்த வரிசையில் நீர் எங்கே வருவீர்?”

பென்சில் முனை அட்டையில் பட்டுக்கொண்டிருந்தது. எந்த நாட்டை எழுதுவது? நான் விட்டு வந்த நாட்டுக்கு எங்கள் வாயில் இரண்டு பெயர், ஒன்று இகரம், மற்றது ஈகாரம், அகரவரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. எதை எழுதினாலும் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். நான் ‘மோர்டன்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். “உங்கள் மூன்று பேருக்கும் பிறகு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு வாழ்க்கையில் கிடைத்த மிக நீண்ட அமைதி அது.

அப்போது குசினிக் கதவு திறந்தது. மச்சாள் தட்டோடு நின்றார். “தம்பி, கூழ் இறுகுது” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மூன்று வெள்ளைச் சீருடைகளையும் கண்டு வாசற்படியில் நின்றுவிட்டார். தட்டில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டி மெல்ல மணியடித்தன. நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

“என்ன நடந்தது?”

“வரிசை பிழைச்சுப்போச்சுது, மச்சாள். அந்தாள், தான் கடைசி எண்டு கோவத்திலை நிக்கிறார். மாத்தினா மற்றவருக்குக் கோவம்.”

“ஆர் கடைசி?”

“பிரேசில். கதவடியிலை நிக்கிறவர்.”

“கதவடியிலை நிக்கிறவருக்குத்தானே முதல் கோப்பை,” என்றார் மச்சாள். “பிறகேன் கடைசி எண்டுறீர்?”

அதுதான் அவருடைய வேலைமுறை. குசினிக் கதவுக்குக் கிட்ட இருப்பவருக்கு முதலில், சூடு ஆறாமல். அதில் ராசதந்திரம் ஒன்றும் இல்லை. அவர் மேசையை நோக்கி நடந்தார். ஏழெட்டு அடிதான் இருக்கும். கோப்பைகள் முழுத் தூரமும் மணியடித்தன. பிரேசில் அதிகாரியின் முன் போய் நின்று, முகத்தைப் பார்க்காமல், அவருடைய வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு, ஜெர்மன் வாசம் வீசும் ஆங்கிலத்தில் சொன்னார்: “தயவுசெய்து. நீங்கள் முதலில். சூடு.”

தன் தாயின் வயதுள்ள ஒரு பெண் கை நடுங்கக் கோப்பையை நீட்டும்போது, எந்த நாட்டின் மானத்தைக் காப்பவரும் நின்றபடி இருக்க முடியாது. அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார, அவருடன் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்தது சிலி. கடைசியாக அர்ஜென்டினா, அவருடைய சிரிப்பு ஒரு சுற்றுச் சிறுத்திருந்தது.

சிலி அதிகாரி கோப்பையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கொடியிலும் இரண்டாவது. சூப்பிலும் இரண்டாவது.” அவர் என்ன சொல்கிறார் என்று மச்சாள் கேட்டார். சொன்னேன்.

“அப்ப அவரைக் கையெழுத்திலை முதல் ஆளா விடச் சொல்லும். அப்ப எல்லாருக்கும் ஒவ்வொரு முதல் சரிதானே.”

நான் செயலாளரின் காதில் சொன்னேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, முதல் நாளே எழுதி வைத்ததை வாசிப்பவர்போல அறிவித்தார்: “ஏற்பாடு அதுதான். கொடியில் அர்ஜென்டினா, விருந்தில் பிரேசில், கையொப்பத்தில் சிலி.” பொய் சொல்லும்போது ஒரு மனிதர் இவ்வளவு கண்ணியமாக இருக்கலாம் என்று நான் அன்று கற்றேன், ஆனால் எனக்கு இன்னும் வரவில்லை.

சாப்பாடு முடியும்வரை சிலியும் அர்ஜென்டினாவும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும். மீன் வந்தபோது சிலி அதிகாரி முன்னால் பார்த்தபடி உப்பு என்றார், அர்ஜென்டினா அதிகாரி முன்னால் பார்த்தபடி உப்பை நகர்த்தினார். அதற்கே செயலாளரின் கண் கலங்கியது. கையெழுத்து நேரம் வந்ததும் சிலி முதலில் வைத்தது. அடுத்தது யார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. மற்ற இருவரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தார்கள். நல்லவேளை, வாசகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தன. இருவரும் ஒரே நொடியில் வேறுவேறு பிரதியில் வைத்தார்கள்.

திரும்பி வரும்போது மச்சாள் முன் இருக்கையில் காலியான பானையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது. பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை, கீழே ஆறு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் மச்சாள் கேட்டார்:

“கை நடுங்கினதைக் கண்டனீரோ?”

“ஓம்.”

“தட்டுச் சூடு.”

“ஓம் மச்சாள். சரியான சூடு.”

அவர் பானையின் மூடியைக் கழற்றி, திரும்பவும் மூடினார். அவ்வளவுதான். அந்தக் கடலுக்குக் கிட்ட நானும் அவரும் சேர்ந்து போன தூரம் அதுதான்.

கிழமை முடிவில் கடிதம் வந்தது. சமையலறை மச்சாளுக்கு. கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை: மேசைக்கொடிகளையும் கட்டையையும் அலுவலகம் வைக்கும், சாரதி எந்தக் காரணத்துக்காகவும் அவற்றைத் தொடக்கூடாது. மச்சாள் அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், மூன்று தரமும் புதிதாகச் சிரித்தார். பிறகு மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் தனக்கென்று ஒரு வீடு எடுத்தார். எங்கள் சின்ன அறை காலியானது. பல வருடங்கள் அந்தச் சமையலறை அவருடையதாக இருந்தது. வெங்காயத்தைக் கடைசிவரை கையால்தான் உரித்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் அவர் வேலையை நிறுத்திய நாளில், செயலாளர் எனக்கு ஒரு பொதி அனுப்பினார். உள்ளே இந்தக் கட்டை. கூடவே நான் பென்சிலால் எழுதிய அட்டை, அதை அவர் வைத்திருந்திருக்கிறார். அதன் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒரு வரி: இனி நீர் தொடலாம்.

அறிவித்தலுக்கு வருகிறேன். முதலில் நான் அகரவரிசையைத்தான் நீட்டினேன். பழக்கம் விடுமா? கனடா, சுவிஸ், லண்டன். கனடாக்காரருக்கு உடனே அகரவரிசையில் மிகுந்த பற்று உண்டாயிற்று. என் மனைவிக்கு உண்டாகவில்லை. “அக்கா இருந்தது இஞ்சை. செத்தது இஞ்சை. நாங்கள் கடைசியோ?” என்றாள். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “லண்டன் எண்டு ஏன் எழுதுறியள்? இலண்டன் எண்டெல்லோ முறையா எழுதவேணும்” என்றாள். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் தூய தமிழுக்கு மாறியது அன்றுதான். இகரம் வந்தால் கனடாவுக்கு முன்னால் போய்விடலாம். நான் அசந்துபோனேன். இவளை அந்த மேசையில் இருத்தியிருந்தால் மூன்று கடற்படையும் சரணடைந்திருக்கும்.

நான் மச்சாளின் வழிக்குப் போனேன். அறிவித்தலில் முதல் பெயர் கனடாத் தம்பி. ஈமக்கிரியையில் முதல் கை சுவிஸ் மகன். அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள், அல்லது களைத்துவிட்டார்கள். மனைவி கையைக் கட்டிக்கொண்டு என் மேசையடியில் நின்றாள்.

“அப்ப நாங்கள் எதிலை முதல்?”

“அவ சுவிசிலையிருந்து சூட்கேசோடை வந்து முதல் தட்டினது ஆரின்ரை கதவை?”

அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, “பால் பொங்குது” என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் எழுந்து போகவில்லை. மை இல்லாத மூன்று பேனாக்களையும் கட்டையிலிருந்து எடுத்தேன். மச்சாளின் படத்துக்கு முன்னால் கட்டையை வைத்து, மூன்று துளையிலும் ஒவ்வொரு ஊதுவத்தி குத்தினேன். அளவாகப் பொருந்தின. நெருப்புக் குச்சியைத் தட்டியபின் எதை முதலில் கொளுத்துவது என்று ஒரு கணம் தயங்கினேன். குசினிக் கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.